ஒபாமா சட்டமும் காங்கோவின் மண்வெட்டிகளும்

2010 ஜூலை 21 அன்று அமெரிக்க அதிபர் ஒபாமா ஒரு பெரிய சட்டத்தில் கையெழுத்திட்டார். டாட்-ஃபிராங்க் சட்டம் என்று பெயர். 2008இல் வால் ஸ்ட்ரீட் கவிழ்ந்து உலகையே ஆட்டிவைத்ததே, அதுபோல் இன்னொரு தடவை நடக்கக் கூடாது என்பதற்காக வங்கிகளுக்குக் கடிவாளம் போடும் சட்டம் அது. எண்ணூறு பக்கத்துக்கு மேல் போகும். அதன் கடைசிப் பகுதியில், "இதர விதிகள்" என்ற தலைப்பின் கீழ், வங்கிக்கும் கடனுக்கும் துளியும் சம்பந்தமில்லாத ஒரு பிரிவு இருந்தது. அதன் எண் 1502. ஆப்பிரிக்காவின் நடுவிலுள்ள காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வரும் நான்கு தாதுக்களைப் பற்றியது அது.

வாஷிங்டனில் இதைப் படித்தவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். ஆனால் கிழக்குக் காங்கோவின் கிவு மாகாணங்களில், எழுதப் படிக்கத் தெரியாத சுரங்கக் கூலிக்கும் இந்தச் சட்டம் தெரிந்திருந்தது. அங்கே அதற்குப் பிரெஞ்சு மொழியில் "லுவா ஒபாமா", அதாவது ஒபாமா சட்டம் என்று பெயர். வாழ்த்திச் சொன்ன பெயர் என்று நினைத்துவிட வேண்டாம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. காங்கோ தாதுக்களைப் பற்றிய தனி மசோதாவை 2009இல் செனட்டில் கொண்டுவந்தவர் சாம் பிரவுன்பேக் என்ற குடியரசுக் கட்சிக்காரர். உடன் நின்றவர்களில் ஒருவர் ஜனநாயகக் கட்சியின் ரஸ் ஃபைன்கோல்ட். அந்த மசோதாவின் சாரம்தான் 1502 ஆக மாறி டாட்-ஃபிராங்குக்குள் புகுந்தது. 2010 ஜூலை 15 அன்று முழுச் சட்டமும் 60க்கு 39 என்று செனட்டில் நிறைவேறியபோது, இந்த இருவருமே எதிர்த்து வாக்களித்தார்கள். வங்கிகள் மீதான கட்டுப்பாடு ஒருவருக்கு அதிகமாகத் தெரிந்தது, மற்றவருக்குப் போதவில்லை! பிள்ளையைப் பெற்றவர்கள் இருவரும் பெயர் சூட்டும் நாளில் கையைத் தூக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, காங்கோவில் அப்படி என்னதான் நடந்தது?

1994இல் ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலைக்குப் பிறகு லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டிக் கிழக்குக் காங்கோவுக்குள் வந்தார்கள். அவர்களோடு கொலை செய்தவர்களும் வந்தார்கள். 1996இல் முதல் போர். 1998இல் இரண்டாவது போர். அண்டை நாடுகள் பலவும் படைகளை அனுப்பின. 2003இல் போர் முடிந்ததாக அறிவித்தார்கள், ஆனால் கிழக்கில் அது முடியவே இல்லை. 1998 முதல் 2007 வரை பட்டினி, நோய் எல்லாம் சேர்த்து 54 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று இன்டர்நேஷனல் ரெஸ்க்யூ கமிட்டி கணக்குச் சொன்னது. இந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. பாதியாகக் குறைத்தாலும் கொடூரம் கொடூரம்தான்.

அந்த மண்ணுக்கடியில் வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன், தங்கம் நான்கும் இருக்கின்றன. டாண்டலம் கிடைக்கும் தாதுவுக்குத்தான் கோல்டான் என்று பெயர். செல்போன், லேப்டாப், விளையாட்டுக் கருவிகளில் உள்ள குட்டிக் குட்டி கெபாசிட்டர்களுக்கு டாண்டலம் வேண்டும். சர்க்யூட் பலகையில் பற்றவைக்க வெள்ளீயம் வேண்டும். செல்போனை அதிரவைக்கும் சிறு எடைக்கு டங்ஸ்டன் வேண்டும். தங்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் டாண்டலம் விலை சில மாதங்களுக்குள் பல மடங்கு எகிறியது. வயலில் இருந்தவனும் பள்ளிக்கூடத்தில் இருந்தவனும் மண்வெட்டியோடு மலைக்குப் போனார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனும் பின்னாலேயே போனான். 2001லிருந்து ஐ.நா.வின் நிபுணர் குழுக்கள் இதைப் பற்றி அறிக்கை மேல் அறிக்கையாக எழுதின.

இந்தப் பணம் எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு வட கிவுவின் வலிகாலே வட்டாரத்திலுள்ள பிசியே என்ற குன்று நல்ல உதாரணம். 2002 வாக்கில் அங்கே வெள்ளீயத் தாது கிடைத்தது. சாலையே கிடையாது. அடர்ந்த காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் ஐம்பது கிலோ மூட்டையைத் தலையிலோ முதுகிலோ சுமந்துகொண்டு நாள்கணக்கில் நடந்து வரவேண்டும். வந்து சேரும் இடத்தில் ஒரு தார்ச் சாலை. அந்தச் சாலையிலேயே பழைய ரஷ்யத் தயாரிப்பு விமானங்கள் வந்து இறங்கும் (ஓடுபாதை அல்ல, லாரி போகிற சாலை!). மூட்டைகள் கோமா நகருக்குப் பறக்கும். குன்றைப் பிடித்து வைத்திருந்தது முதலில் மாய்-மாய் எனப்படும் உள்ளூர்ப் படை. பிறகு அதே ஆட்கள் அரசுப் படையின் 85ஆவது பிரிகேட் என்ற பெயரில் அதே இடத்தில் அமர்ந்தார்கள். தோண்டுபவன் பங்கு கொடுக்க வேண்டும். சுமப்பவன் காட்டுப் பாதையில் தடுப்புக்குத் தடுப்பு காசு கொடுக்க வேண்டும். சீருடை மாறியது, வசூல் மாறவில்லை.

2007க்குப் பிறகு அமெரிக்காவில் இனஃப் பிராஜெக்ட் போன்ற அமைப்புகளும், லண்டனில் குளோபல் விட்னஸும் இதைக் கையில் எடுத்தன. கல்லூரி மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். நடிகர்கள் வீடியோவில் பேசினார்கள். உன் செல்போனில் ரத்தம் இருக்கிறது, அதை வாங்குவதை நிறுத்தினால் காங்கோவில் பாலியல் வன்முறை நிற்கும் என்பதுதான் பிரசாரத்தின் சுருக்கம். எளிமையான கதை, அதனால் வேகமாகப் பரவியது. நிலத் தகராறு, யார் காங்கோக்காரன் யார் ருவாண்டாக்காரன் என்ற குடியுரிமைச் சண்டை, சம்பளம் கொடுக்காத ராணுவம், அண்டை நாடுகளின் கணக்கு எல்லாம் இந்தக் கதைக்குள் அடங்கவில்லை. செவரின் ஒத்தெசேர் என்ற ஆய்வாளர் 2012இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார். தாது, பாலியல் வன்முறை, பலமான அரசு என்ற மூன்று விஷயங்களைச் சுற்றியே வெளிநாட்டார் கதை கட்டியதால் மற்றவை மறைந்துபோயின என்றார்.

ஆனாலும் பிரசாரக்காரர்களைக் கேலி செய்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. சட்டம் கையெழுத்தாகி பத்து நாள்கூட ஆகவில்லை, 2010 ஜூலை 30 முதல் நான்கு நாட்களில் அதே வலிகாலே வட்டாரத்தின் கிராமங்களில் ஆயுதக் குழுக்கள் 300க்கும் மேற்பட்டவர்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கின. ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று துடித்தவர்களின் துடிப்பு பொய்யானது அல்ல.

இப்போது சட்டம் என்ன சொன்னது என்று பார்க்கலாம். முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, அது எதையும் தடை செய்யவில்லை. அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள ஒரு கம்பெனியின் பொருளில் இந்த நான்கில் ஏதாவது ஒன்று இருந்தால், அது காங்கோவிலிருந்தோ அதன் ஒன்பது அண்டை நாடுகளிலிருந்தோ வந்ததா என்று கம்பெனி விசாரிக்க வேண்டும். வந்திருந்தால், சப்ளை செயின் முழுவதும் டியூ டிலிஜென்ஸ் எனப்படும் முன்னெச்சரிக்கை விசாரணை நடத்தி, ஆயுதக் குழுக்களுக்குப் பணம் போனதா என்று கண்டறிந்து, எஸ்.இ.சி. என்ற பங்குச் சந்தை ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை எல்லோரும் படிக்கலாம். அவ்வளவுதான். போர்க்காரனிடம் வாங்கினேன் என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி குற்றமில்லை.

ஆனால் ஒரு கம்பெனி அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தால் கணக்கு வேறு மாதிரி வரும். செல்போனுக்குள் இருக்கும் வெள்ளீயம் தோண்டுபவன், சுமப்பவன், குட்டித் தரகர், கோமாவின் ஏற்றுமதிக் கடை, உருக்காலை, உதிரிபாகத் தொழிற்சாலை என்று பல கை மாறி வருகிறது. உருக்காலையில் பத்து நாட்டுத் தாதுவும் ஒன்றாகக் கரைந்துவிடும். அதற்குப் பிறகு எது எங்கிருந்து வந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. பல மாதம் ஆள் வைத்து, காட்டுக்குள் அனுப்பி, ஒவ்வொரு மூட்டையாக விசாரிக்கலாம். இல்லையென்றால் "காங்கோ சரக்கு வேண்டாம்" என்று ஒரே வரியில் மின்னஞ்சல் அனுப்பலாம். இந்தோனேசியாவிலும் பெருவிலும் வெள்ளீயம் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் பிரேசிலிலும் டாண்டலம் கிடைக்கிறது. எது மலிவு, எதில் கெட்ட பெயர் வராது?

இந்த மாதிரி இதற்கு முன்பும் ஒரு தடவை நடந்திருக்கிறது. 1992இல் டாம் ஹார்க்கின் என்ற அமெரிக்க செனட்டர், குழந்தைத் தொழிலாளர் செய்த பொருட்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனால் வரப்போகிறது என்ற பயத்திலேயே வங்கதேசத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் சுமார் 50,000 குழந்தைகளை வெளியே அனுப்பின. அவர்கள் பள்ளிக்கூடம் போனார்களா? பலரும் கல் உடைக்கவும், தெருவில் அலையவும், விபசாரத்துக்கும் போனார்கள் என்று யுனிசெஃப் பின்னர் எழுதியது. பள்ளிக்கும் உதவித்தொகைக்கும் ஏற்பாடு செய்யும் ஒப்பந்தம் 1995இல்தான் கையெழுத்தானது. இந்தக் கதை 2010இல் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இத்தனைக்கும் பிறகும்...

காங்கோவில் முதல் அடி வாஷிங்டனிலிருந்து விழவில்லை, கின்ஷாசாவிலிருந்து விழுந்தது. 2010 செப்டம்பரில் அதிபர் ஜோசப் கபிலா வட கிவு, தென் கிவு, மானியமா என்ற மூன்று மாகாணங்களிலும் கையால் தோண்டும் சுரங்கத் தொழில் முழுவதையும் நிறுத்தி உத்தரவு போட்டார். காரணம், தாது வணிகத்தில் மாஃபியா கும்பல்கள் புகுந்துவிட்டன என்பது. சட்டம் வந்து இரண்டு மாதத்துக்குள் வந்த உத்தரவு என்பதால் இரண்டையும் சேர்த்தே மக்கள் பார்த்தார்கள். கூலிகள் இறங்கிப் போனார்கள். ராணுவத்தினர் போகவில்லை. தடை இருந்த மாதங்களில் சீருடைக்காரர்களே பல இடங்களில் தோண்டவைத்தார்கள் என்று ஐ.நா. நிபுணர் குழு பதிவு செய்திருக்கிறது.

2011 மார்ச்சில் கபிலா தடையை நீக்கினார். கூலிகள் மண்வெட்டியோடு திரும்பி வந்தார்கள். வாங்க ஆளில்லை! மின்னணுக் கம்பெனிகளின் கூட்டமைப்பு 2011 ஏப்ரல் 1 முதல், எங்கிருந்து வந்தது என்று சான்று இல்லாத தாதுவை உருக்காலைகள் எடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருந்தது. கிவு வெள்ளீயத்தைப் பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்தது மலேசியாவின் உருக்காலை ஒன்று. நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பினாங்குக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருந்தது. அதுவும் கதவைச் சாத்தியது. கிவுவில் எந்தச் சுரங்கத்திலும் சான்று கொடுக்கும் ஏற்பாடே அப்போது கிடையாது. சட்டத்தின் விதிமுறைகளை எஸ்.இ.சி. எழுதி முடித்ததே 2012 ஆகஸ்டில்தான். அதாவது விதிகள் பிறக்கும் முன்பே தண்டனை வந்துவிட்டது.

கிவுவிலிருந்து சட்டபூர்வமாகப் போன வெள்ளீய ஏற்றுமதி கிட்டத்தட்ட நின்றுபோனது. உலக வங்கியின் 2008 மதிப்பீட்டின்படி, காங்கோவில் கையால் தோண்டும் தொழிலில் 5 லட்சம் முதல் 20 லட்சம் பேர் வரை இருந்தார்கள். அவர்களை நம்பி இருந்தவர்களையும் சேர்த்தால் நாட்டு மக்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர். தோண்டுபவன் மட்டுமல்ல, அவனுக்குச் சோறு விற்றவள், மூட்டை சுமந்தவன், குழிக்குள் டார்ச் பேட்டரி விற்றவன் என்று எல்லோருக்கும் ஒரே நாளில் வருமானம் போயிற்று.

வலிகாலேயில் விமானம் நின்றது பெரிய இடி. வெள்ளீயம் ஏற்றிப்போன விமானங்கள் திரும்பி வரும்போது அரிசி, உப்பு, சோப்பு, மருந்து கொண்டுவரும். போக்குச் சரக்கு இல்லாமல் எந்த விமானமும் வரவுக்காக மட்டும் பறக்காது. காடு சூழ்ந்த ஊரில் உப்பு கிடைக்காமல் போவது என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்கலாம். அந்த ஆண்டுகளில் அங்கே சென்று வந்த செய்தியாளர்களும் ஆய்வாளர்களும் ஒரே மாதிரிதான் எழுதினார்கள். பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் பிள்ளைகள் நின்றார்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கட்டப் பணமில்லாமல் பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை எண்ணாக்கிக் காட்டிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. பார்க்கர், ஃபோல்ட்ஸ், எல்சி என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், காங்கோவின் தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் தாய்மார்கள் சொன்ன பிறப்பு இறப்பு விவரங்களை எடுத்து, சட்டம் குறிவைத்த சுரங்கங்களுக்கு அருகிலிருந்த கிராமங்களையும் மற்ற கிராமங்களையும் ஒப்பிட்டார்கள். அருகிலிருந்த கிராமங்களில் குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு குறைந்தது 143 சதவீதம் கூடியிருந்தது. தாய்மார்களால் மருத்துவத்துக்கும் பராமரிப்புக்கும் செலவழிக்க முடியாமல் போனது ஒரு காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். இது ஒரு புள்ளிவிவர மதிப்பீடுதான், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி எண்ணியது அல்ல. அதன் அளவைப் பற்றி விவாதிக்கலாம், திசையைப் பற்றி விவாதிப்பது கஷ்டம்.

சரி, வருமானம் போனாலும் வன்முறையாவது குறைந்ததா? சட்டத்தின் முழு நோக்கமும் அதுதானே?

இங்கேதான் சங்கதி சிக்கலாகிறது. ஒரு குன்றைப் பிடித்து வைத்து மாதாமாதம் வசூல் செய்கிற ஆயுதக் குழு ஒரு வகையில் ஊரைக் காக்கவும் செய்யும். கூலி ஓடிவிட்டால் வசூல் இல்லை, அடுத்த ஊர்ப் படை வந்து கொள்ளையடித்தாலும் வசூல் இல்லை. ஒரே இடத்தில் தங்கும் கொள்ளைக்காரன், அலைந்து திரியும் கொள்ளைக்காரன் என்று மன்கர் ஓல்சன் என்ற அறிஞர் பிரித்துக் காட்டியதை இங்கே பொருத்திப் பார்க்கிறார்கள். குன்றில் வருமானம் நின்றதும் தங்கியிருந்தவன் அலைகிறவன் ஆனான். கிராமங்களில் கொள்ளை கூடியது என்று பார்க்கர் இன்னொருவரோடு சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

இன்னொரு பக்கம் தங்கம். சட்டத்தின் நான்கு தாதுக்களில் தங்கமும் ஒன்றுதான். ஆனால் வெள்ளீயத்தையும் கோல்டானையும் மூட்டை மூட்டையாக எல்லோர் கண்முன்னும் தூக்கிப்போக வேண்டும். தங்கத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டலாம். காங்கோவில் கையால் எடுக்கும் தங்கத்தில் 98 சதவீதம் கடத்தப்படுகிறது என்று ஐ.நா. நிபுணர் குழு 2014இல் மதிப்பிட்டது. உகாண்டா வழியாகவும் மற்ற வழிகளிலும் துபாய் போய்ச் சேர்ந்து, உருகி, நகையாகிவிடும். கூலிகளும் தங்கத்துக்குப் போனார்கள், துப்பாக்கிகளும் போயின. ஸ்டூப், வெர்போர்டென், வான் டெர் விண்ட் என்ற மூவர் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, சராசரி எண்ணிக்கையில் தங்கச் சுரங்கங்கள் உள்ள வட்டாரங்களில், சட்டத்துக்குப் பிறகு ஆயுத மோதல்கள் 44 சதவீதமும் கொள்ளை 51 சதவீதமும் கூடின.

சட்டத்தை ஆதரிப்பவர்களுக்கும் சொல்ல விஷயம் உண்டு. பிசியே குன்றைவிட்டு 2011இல் ராணுவம் இறங்கியது. ஆண்டுக்கணக்கில் ஐ.நா. கத்தியும் நடக்காதது அது. காங்கோ அரசே 2012இல் டியூ டிலிஜென்ஸ் விதியைத் தன் நாட்டில் கட்டாயமாக்கி, மீறிய சீன ஏற்றுமதி நிறுவனங்கள் இரண்டை நிறுத்திவைத்தது. பத்தாண்டின் நடுப்பகுதிக்குள், வெள்ளீயம், டாண்டலம், டங்ஸ்டன் தோண்டுபவர்களில் பெரும்பான்மையினர் ஆயுதக்காரர்கள் இல்லாத குழிகளில் வேலை செய்தார்கள் என்று பெல்ஜியத்தின் ஐபிஸ் அமைப்பு நேரில் போய் எடுத்த கணக்குகள் காட்டின. தங்கத்தில் அப்படி இல்லை. புக்காவுவில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சிகிச்சை அளித்து, 2018இல் நோபல் அமைதிப் பரிசு பெற்ற டாக்டர் டெனி முக்வேகே இந்தச் சட்டத்தை வெளிப்படையாக ஆதரித்தவர். தினமும் அந்தக் காயங்களைத் தைத்த மனிதரின் பேச்சை, எங்கோ உட்கார்ந்து புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் ஒதுக்கிவிட முடியாது. அதே நேரம், 2014 செப்டம்பரில் காங்கோக்காரர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களுமாகச் சுமார் 70 பேர், இந்தப் போக்கு கூலிகளைத்தான் வதைக்கிறது, உள்ளூர்க்காரர்களைக் கேட்டுச் செய்யுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

மூடிய கதவைத் திறக்க வந்ததுதான் டேக் திட்டம். ஐடிஎஸ்சிஐ என்று பெயர். வெள்ளீயத் தொழிலின் உலகச் சங்கம் நடத்தியது. குழியருகே மூட்டையில் எண் போட்ட டேக் ஒன்றைக் கட்டுவார்கள், தரகர் கிடங்கில் இன்னொன்று. உருக்காலை அந்த எண்களைப் பார்த்து வாங்கும். யோசனை நல்லதுதான். ஆனால் 2011இல் இது முதலில் போனது ருவாண்டாவுக்கும், அமைதியாக இருந்த கடங்காவுக்கும். தென் கிவுவில் நியாபிப்வேயின் கலிம்பி சுரங்கத்துக்கு 2012 அக்டோபரில் வந்தது. வட கிவுவுக்கு 2014 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் டேக் இல்லாத காங்கோ மூட்டை, எல்லை தாண்டி ருவாண்டா டேக் போட்டுக்கொண்டு "சுத்தமான" சரக்காகிவிடும். டேக்குகளே கள்ளச் சந்தையில் விலைபோயின. திட்டத்தின் செலவு டன்னுக்கு இவ்வளவு என்று ஏற்றுமதியாளர் தலையில் விழுந்தது. அவர் அதைத் தரகரிடம் கழித்தார், தரகர் தோண்டுபவனிடம் கழித்தார். நியூயார்க்கில் மனசாட்சி சுத்தமாவதற்கு ஆகும் செலவைக் கடைசியில் கட்டியது குழிக்குள் இருந்தவன்தான். வேறு டேக் வைத்திருக்கும் தரகரும் பக்கத்தில் இல்லை, அவர் சொன்னதே விலை. 2022இல் குளோபல் விட்னஸ், அதாவது இந்தச் சட்டத்துக்காகவே போராடிய அதே அமைப்பு, டேக் திட்டம் கடத்தல் சரக்கை வெளுத்துக் கொடுக்கும் சலவைத் தொட்டியாகிவிட்டது என்று அறிக்கை வெளியிட்டது. திட்ட நடத்துநர்கள் மறுத்தார்கள்.

அமெரிக்காவில் காகிதம் மட்டும் நன்றாக விளைந்தது. சுமார் 6000 கம்பெனிகள் இந்தச் சட்டத்துக்குள் வரும், முதல் செலவு மட்டும் 300 கோடி முதல் 400 கோடி டாலர் ஆகும் என்று எஸ்.இ.சி.யே மதிப்பிட்டிருந்தது. 2014 ஜூனில் முதல் அறிக்கைகள் வந்தபோது தாக்கல் செய்தவை சுமார் 1300. அவற்றில் 67 சதவீதம் தங்கள் தாது எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று எழுதின என அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. கணக்கிட்டது. இதற்கிடையே தொழிலதிபர்கள் சங்கம் வழக்குப் போட்டது. எங்கள் பொருள் போரற்றது என்று உறுதியாகவில்லை என எங்கள் வாயாலேயே சொல்லவைப்பது பேச்சுரிமைக்கு விரோதம் என்றார்கள்! 2014 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது, 2015 ஆகஸ்டில் மறுபடி உறுதி செய்தது. 2017இல் எஸ்.இ.சி.யின் தற்காலிகத் தலைவர், முழு டியூ டிலிஜென்ஸ் அறிக்கை தராதவர்கள் மீது நடவடிக்கைக்குச் சிபாரிசு செய்ய மாட்டோம் என்ற அளவுக்குப் போய்விட்டார்.

காங்கோவின் பாடம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இதே நான்கு தாதுக்களுக்காகக் கொண்டுவந்த சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. காங்கோ என்று பெயர் குறிக்காமல், மோதல் உள்ள எந்தப் பகுதியானாலும் பொருந்தும் என்று அமைத்தார்கள். பிரான்ஸ் 2017இலும் ஜெர்மனி 2021இலும் எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான சட்டங்களை இயற்றின. அவற்றுக்குப் பின்னால் இருந்தது டாக்காவில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1134 பேரைக் கொன்ற ராணா பிளாசா கட்டடம். பிரச்சினை கண்டதும் ஓடாதே, கூட நின்று சரிசெய், வேறு வழியே இல்லையென்றால்தான் உறவை முறி என்று ஜெர்மன் சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கிவுவிலிருந்து யாரோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்குமான சட்டம் 2024இல் வந்தது. ஒரே ஆண்டில் கம்பெனிகளின் புலம்பல் வென்று, 2025 டிசம்பரில் எட்டிய உடன்பாட்டில் அது 5000 ஊழியருக்கு மேல் உள்ள பெருநிறுவனங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது.

காகிதத்தில் எழுதியது களத்தில் நிற்குமா என்பதற்கு 2024 ஒரு பரீட்சை வைத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் கடைசியில் எம்23 கிளர்ச்சிப் படை, மாசிசி வட்டாரத்தின் ருபாயாவைப் பிடித்தது. உலகின் பெரிய கோல்டான் வயல்களில் ஒன்று அது. அங்கிருந்து மாதம் 120 டன் கோல்டான் ருவாண்டாவுக்குப் போகிறது, எம்23க்கு வரியாக மாதம் சுமார் 8 லட்சம் டாலர் கிடைக்கிறது என்று அந்த ஆண்டின் இறுதியில் ஐ.நா. நிபுணர் குழு கணக்கிட்டது. சட்டம் வந்த பிறகும் கிழக்குக் காங்கோவில் வன்முறை குறைந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2024 அக்டோபரில் ஜி.ஏ.ஓ. எழுதியது. அதே டிசம்பரில் காங்கோ அரசு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஆப்பிள் நிறுவனத்தின் கிளைகள் மீது குற்றப் புகார் கொடுத்தது. ஆப்பிள் குற்றச்சாட்டை மறுத்தது. காங்கோ, ருவாண்டா இரண்டிலிருந்தும் இந்த நான்கு தாதுக்களை எடுப்பதை நிறுத்துமாறு அந்த ஆண்டின் முற்பகுதியிலேயே சப்ளையர்களுக்குச் சொல்லிவிட்டதாகவும் பதில் அளித்தது. பிரான்சில் அந்தப் புகார் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது.

பிசியே குன்றில் இப்போது மண்வெட்டிகள் இல்லை. வெளிநாட்டு மூலதனத்தில் நவீன சுரங்கம் ஒன்று 2019இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழ ஆறு சதவீதம் அங்கிருந்து வருகிறது. 2025 மார்ச்சில் எம்23 வலிகாலே ஊரை நோக்கி முன்னேறியபோது அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது, லண்டன் சந்தையில் வெள்ளீய விலை ஏறியது. ஏப்ரலில் படை பின்வாங்கியதும் சுரங்கம் படிப்படியாகத் திறந்தது. ருபாயாவில் தோண்டுவது தொடர்ந்தது.